கீழ்க்கோடு எங்கே போனது?

நாட்டில் இன்னும் எத்தனை செல்போன் கோபுரங்கள் எழும்பும், அவற்றின் உச்சியில் யாருடைய கருவி போய் உட்காரும் என்பதை ஐந்து வருடம் முன்னதாகவே எழுதிக் கொடுப்பது அவளுடைய வேலை. அலுவலகத்தில் அவளுக்கு ‘ஆரூடம்’ என்று பெயர். மேலாளர் ஒருநாள் விளையாட்டாக வைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. கணவர் காதுக்கும் அது எட்டி, துவைத்த துணியை மாடிக்கு எடுத்துப் போகும்போதெல்லாம், “என்ன ஆரூடம், மழை வருமா?” என்று கேட்பார். மழையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்றே சொல்வாள்.

அவள் பொறியியல் படித்தவள் இல்லை. பன்னிரண்டு வருடம் தொலைபேசி நிலையத்தின் விசாரணைப் பிரிவில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் நம்பர் தேடிக் கொடுத்தவள். எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் அந்தப் பிரிவுக்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். அதே சமயம், செல்போன் துறையைப் பற்றி அறிக்கை எழுதிப் புத்தகமாகப் போட்டு விற்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு, கூச்சப்படாமல் நாலு பேருக்கு போன் போட்டு விவரம் கறக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். யாரிடம் எதைக் கேட்டால் மளமளவென்று சொல்வார்கள், எதைக் கேட்டால் மென்று விழுங்குவார்கள் என்பது அவளுக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். மூன்று வருடத்தில் கணக்கெடுப்பு அவள் பொறுப்புக்கு வந்தது. ஆறாவது வருடம் புத்தகத்தையே அவள்தான் எழுதினாள்.

அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மூன்றாவது மாடியில் இருந்தது. நாலு மேசை, ஒரு பிரிண்டர், எப்போதும் பாதி காய்ந்தே இருக்கும் ஒரு தொட்டிச் செடி. பெரிய கம்பெனிகளின் தலைவர்கள் மேடையில் என்ன பேசினார்கள் என்பதை அவள் கடைசியாகத்தான் படிப்பாள். கோபுரம் ஏறும் ஆட்களை வேலைக்கு எடுக்கிற ஏஜென்சிக்கு முதலில் போன் போடுவாள். “இந்த மாசம் எத்தனை பேர் கேட்டிருக்காங்க?” என்பாள். அடுத்தது கேபிள் விற்பவர், அப்புறம் கிரேன் வாடகைக்கு விடுபவர், கோபுரத்தில் மாட்டும் ரேடியோ கருவிக்கு அலுமினியப் பெட்டி வார்த்துத் தருபவர். அவளுடைய நோட்டில் இவர்களுக்கெல்லாம் ஊரும் பேரும் கிடையாது. கம்பிக்காரர், கிரேன்காரர், பெட்டிக்காரர், அவ்வளவுதான். கிரேன் வாடகைக்குப் போகவில்லை என்றால் எந்தத் தலைவர் என்ன சத்தியம் செய்தாலும் கோபுரம் எழும்பவில்லை என்று அர்த்தம்.

ஃபைவ்-ஜி வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருடம் அவள் ஒரு பெரிய அறிக்கை எழுதினாள். அடுத்த ஐந்து வருடத்தில் எத்தனை ரேடியோ கருவிகள் விற்கும் என்பதற்கு மூன்று கோடுகள் வரைந்தாள். எல்லாம் நல்லபடியாக நடந்தால் மேல்கோடு. வழக்கம்போல் நடந்தால் நடுக்கோடு. அலைவரிசை ஏலம் தள்ளிப்போய், செல்போன் கம்பெனிகளில் ஒன்றிரண்டு ஒன்றாகச் சேர்ந்து, ரேடியோவும் ஆன்டெனாவும் ஒரே பலகையாக மாறி, தனி ரேடியோவே தேவையில்லாமல் போனால் கீழ்க்கோடு. மூன்றும் ஒரே சமயத்தில் நடக்காது என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனாலும் போட்டுவைத்தாள்.

புத்தகம் அச்சாகி வந்தது. முகப்பில் மேல்கோடு மட்டும் நீல நிறத்தில் பளிச்சென்று மலையேறிக்கொண்டிருந்தது. அவள் மேலாளரின் அறைக்குப் போனாள்.

“சார், நான் மூணு கோடு போட்டிருந்தேனே?”

“உள்ளே இருக்கே மேடம், நாப்பத்தொண்ணாம் பக்கத்துல.”

“அங்க மேல்கோடும் நடுக்கோடும்தான் இருக்கு. கீழ்க்கோட்டைக் காணோம்.”

மேலாளர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அலுவலக வாடகையையும் நாலு பேர் சம்பளத்தையும் தலையில் சுமந்துகொண்டிருந்தவர். “இந்தப் புத்தகத்தை வாங்குறது யாரு? கருவி செஞ்சு விக்கிறவங்க. ‘உங்க பொழப்பு படுக்கப் போகுது’ன்னு சொல்ற புத்தகத்தை எவனாவது வாங்குவானா, நீங்களே சொல்லுங்க.”

அவள் தன் மேசைக்குத் திரும்பிவிட்டாள். அந்த வாரமே அவளுக்கு ‘முதன்மை ஆய்வாளர்’ என்ற பதவியும் கைவைத்த சுழல் நாற்காலி ஒன்றும் வந்தன. நாற்காலி வசதியாக இருந்தது. அதில் உட்கார்ந்து யோசித்தபோது மேலாளர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றியது.

இரண்டு வருடம் ஓடியது. ஏலம் ஒருமுறை தள்ளிப்போனது, பிறகு இன்னொரு முறை. மூன்று செல்போன் கம்பெனிகளில் இரண்டு ஒன்றாகிவிட்டதால் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு கோபுரம் வைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. மிஞ்சியவர்கள் வாங்கிய கொஞ்சநஞ்சக் கருவியும் புது மாதிரி. ரேடியோவும் ஆன்டெனாவும் ஒன்றாகி, கதவு போல் ஒரே பலகையாக இருந்தது. கோடு இறங்குவதை அவள் மாதாமாதம் பார்த்தாள். திருத்திய கணிப்பு என்று ஒரு பக்கம் எழுதி அடுத்த வருடப் புத்தகத்தின் உள்ளே சேர்த்தாள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் போன் அடித்தது.

“மேடம், நான் ரேடியோ பெட்டி செய்யுறவன். மூணு வருஷம் முன்னாடி நீங்கதான் கூப்பிட்டு, மாசம் எத்தனை பெட்டி போகுதுன்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?”

இருந்தது. கேட்டதற்கு ஒன்று குறையாமல் பதில் சொன்ன குரல்.

“உங்க அடுத்த புத்தகம் எப்ப வருது? வெளிய வர்றதுக்கு முன்னாடி அந்தக் கோட்டை மட்டும் கொஞ்சம் சொல்ல முடியுமா? இங்க சரக்கு கொஞ்சம் தேங்கிப்போச்சு. பிடிச்சு நிக்கலாமா, விட்டுடலாமான்னு தெரியல.”

“கொஞ்சம்னா எத்தனை?”

“மூவாயிரத்து நானூறு பெட்டி.”

திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அந்த மனிதர் மறுபடியும் அவளிடமே வழி கேட்டார். அதுதான் அவளைச் சாப்பிடவிடாமல் செய்தது. சனிக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லி போனை வைத்தாள்.

பேருந்தில் ஒன்றரை மணி நேரம். தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே நுழைந்ததும் பெட்டிகள்தான் கண்ணில் பட்டன. சூடு வெளியேறுவதற்காக முதுகில் மீன் செதில் போல் வரிவரியாக இருந்த அலுமினியப் பெட்டிகள், கூரையைத் தொடுகிற அளவுக்கு அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்க மட்டுமே வழி. பின்னால், லாரி அளவுக்கு ஒரு வார்ப்பு இயந்திரம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. பதினோரு பேர் வேலை செய்த இடத்தில் நாலு பேர் இருந்தார்கள்.

பெட்டிக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு. அவருடைய மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, வார்த்து வந்த ஏதோ ஒரு பம்பு மூடியைக் கட்டைவிரலால் தடவித் தடவி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, “வாங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி தடவ ஆரம்பித்தார்.

வருகைப் பதிவேட்டுக்கு மேலே சுவரில் அவளுடைய முகப்புப் பக்கம் இருந்தது. யாரோ கொடுத்த நகலை பிளாஸ்டிக் உறை போட்டு நாலு மூலையிலும் திருகாணி முடுக்கி மாட்டியிருந்தார்கள்.

“எங்ககிட்ட பெட்டி வாங்குற பெரிய கம்பெனிக்காரங்க குடுத்தாங்க மேடம்” என்றார் பெட்டிக்காரர். “‘பாருங்க, இவ்வளவு தேவைப்படப் போகுது, உங்களால தர முடியுமா’ன்னு கேட்டாங்க. முடியும்னுட்டேன். அதுக்குத்தான் இந்த மெஷின். ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே வார்த்து அடுக்கிட்டோம். வந்ததும் முதல்ல குடுக்குறவன் நானா இருக்கணும்னு ஒரு ஆசை.” கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்: “இந்தக் கோடு தப்பா மேடம்?”

ஆமாம் தப்பு, எல்லார் கணிப்பும்தான் தப்பாகிப்போனது, உலகம் முழுக்க இப்படித்தான் என்று சொல்லிவிடலாம். பேருந்தில் வரும்போது அவள் தயார் செய்து வைத்திருந்ததும் அதுதான். ஆனால் அந்தத் திருகாணிகளைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை.

“தப்புன்னு இல்லைங்க. நான் போட்டது மூணு கோடு. இது அதுல மேல இருக்குற ஒண்ணு. நிலைமை மோசமானா எப்படி இருக்கும்னு கீழ ஒண்ணு போட்டிருந்தேன். இப்ப நடக்குறது கிட்டத்தட்ட அதுதான்.”

மனைவியின் கட்டைவிரல் நின்றது. “கீழ்க்கோடு எங்க போச்சு?”

“எடுத்துட்டாங்க.”

“யாரு?”

“ஆபீஸ்ல. எனக்குத் தெரியும். நான் போய்க் கேட்டேன், அப்புறம் விட்டுட்டேன்.”

பெட்டிக்காரர் தரையைப் பார்த்தார். அவர் மனைவி எழுந்து வந்து, அவளுக்கு நேர் எதிரே நின்றார்.

“நாங்க அந்தக் கீழ்க்கோட்டுலதான் நின்னுக்கிட்டு இருக்கோம் மேடம். ஒரு வரி, சின்ன எழுத்துல, எங்கயாவது போட்டிருந்தீங்கன்னா இந்த மனுஷன் இவ்வளவு வார்த்திருக்க மாட்டாரு. பாதியோட நிறுத்தியிருப்பாரு. எனக்கு அவரைத் தெரியும்.”

அவள் மன்னிப்புக் கேட்டாள். அது அந்தப் பெட்டிகளுக்கு நடுவே எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. கிளம்பும்போது ஒரே ஒரு காரியம் செய்தாள். ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கி, பையில் வைத்துக்கொண்டாள். நாலரைக் கிலோ இருந்தது.

வீட்டில் கணவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் திருகிப் பார்க்காமல் விடமாட்டார். நடந்ததைச் சொன்னாள்.

“லிஃப்ட்ல எட்டு பேருக்கு மேல ஏறினா மணி அடிக்கும்” என்றார் அவர். “பில்டிங்காரன் எரிச்சல்படுவான், மணியைக் கழட்டிடுன்னுவான். நான் கழட்ட மாட்டேன். உங்க சார் கழட்டச் சொன்னாரு, நீ ஸ்குரூ டிரைவரை எடுத்துக் குடுத்துட்ட.”

“சொல்லிக் காட்டாதீங்க.”

“சொல்லிக் காட்டல. சரி, இந்தப் பெட்டி வேற எதுக்கு ஆகும்?”

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்த சொத்தெல்லாம் நம்பர்கள்தான். பதினைந்து வருடத்தில் சேர்த்த எழுநூற்றுச் சொச்சம் சப்ளையர்கள். திங்கட்கிழமையிலிருந்து மதியச் சாப்பாட்டு வேளையில் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். “மழை தண்ணி புகாத அலுமினியப் பெட்டி. நீளம் நாப்பது சென்டிமீட்டர், அகலம் முப்பது. உங்களுக்கு ஆகுமா?” சிலர் சிரித்தார்கள். சிலர், “என்ன மேடம், ஆரூடம் விட்டுட்டு அலுமினிய யாவாரமா?” என்று கேட்டார்கள். மூன்று வாரத்தில் அறுபத்தோரு போன். ஐம்பத்தெட்டு பேர் வேண்டாம் என்றார்கள்.

வேண்டும் என்றவர்களில் முதலாவது, துறைமுகச் சரக்கு முற்றங்களுக்கும் சுரங்கங்களுக்கும் அவற்றுக்கே சொந்தமான செல்போன் வலைப்பின்னல் அமைத்துத் தரும் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே பொறியாளராக இருந்த பெண் அளவுகளைக் குறித்துக்கொண்டு, மறுநாள் தானே கூப்பிட்டார்.

“எங்க சர்க்யூட் போர்டு உள்ள போகும். ஆனா கேபிள் கீழ இருந்து வரணும். அடியில ரெண்டு ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் வெச்சுத் தர முடியுமா?”

பட்டறைக்கு போன் போட்டாள். எடுத்தது பெட்டிக்காரரின் மனைவி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ரெண்டு ஓட்டைதானே? இருபது வேணாலும் போட்டுத் தர்றேன்” என்றார். ஆயிரத்து இருநூறு பெட்டி போயிற்று. வயல்களில் காற்றும் மழையும் அளக்கும் கருவி செய்பவர் நானூறு எடுத்தார். ரயில் சிக்னல்காரர் பார்க்கலாம் என்று சொல்லி, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். மிச்சம் ஆயிரத்து எண்ணூறையும் உருக்கிவிட்டார்கள். பெரிய இயந்திரம் வேறு ஊர்க்காரர் ஒருவருக்குக் கைமாறியது. அது லாரியில் ஏறிய அன்று பெட்டிக்காரர் பட்டறைக்கு வரவில்லை. முதுகுவலி என்று சொல்லி, பிறகு ஆறு மாதம் வரவே இல்லை. பட்டறையை மனைவி நடத்தினார். இப்போதும் அவர்தான் நடத்துகிறார்.

எல்லாம் ஓரளவு அடங்கிய பிறகு அந்தம்மா ஒருநாள் போனில் சொன்னார்: “மேடம், நீங்க ஓடி ஓடிச் செஞ்சீங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதுக்காக நான் மறந்துட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க.”

“நினைக்கலைங்க” என்றாள் அவள்.

அந்த வருடப் புத்தகத்துக்கு மறுபடி மூன்று கோடு வரைந்து எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள். மூன்றும் முகப்பில் வர வேண்டும், ஒரே தடிமனில் வர வேண்டும், இல்லையென்றால் தன் பெயர் புத்தகத்தில் இருக்கக் கூடாது என்றாள். மேலாளர் அவளை வினோதமாகப் பார்த்தார்.

“மூணு கோடு போட்டா, ‘உனக்கே தெரியலையா’ன்னு கேப்பாங்க மேடம்.”

“தெரியலைன்னுதான் சார் அர்த்தம்.”

அவர் ஒரு கோடு போட்டு, அவள் பெயரை எடுத்துவிட்டார். புத்தகம் எப்போதும் விற்கிற அளவுக்கு விற்றது. பெயர் இல்லாததை ஒருவரும் கவனித்துக் கேட்கவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் வலித்தது. இரண்டு மாதம் கழித்து மேலாளர் அவளைக் கூப்பிட்டு, சமாதானம் போல் ஒன்று சொன்னார்.

“நீங்க இனிமே ஆறாம் தலைமுறையைப் பாருங்க. சிக்ஸ்-ஜி. அது வந்து சேர எப்படியும் வருஷக்கணக்கா ஆகும். நீங்க எத்தனை கோடு போட்டாலும் சரி, யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. அதுக்குள்ள நானும் ரிட்டயர் ஆகிடுவேன்.”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒத்துக்கொண்டாள்.

சிக்ஸ்-ஜி அறிக்கை மெல்லிய புத்தகம். யார் யார் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள், எந்த அலைவரிசை கிடைக்கலாம், பழைய கோபுரங்கள் தாங்குமா, தாங்காதா. அதில் மூன்று கோடுகளையும் முகப்பில் போட்டாள். மேலாளர் கண்டுகொள்ளவில்லை. கடைசிப் பக்கத்தில் தன் நேரடி எண்ணைக் கொடுத்து, இதைப் படித்துவிட்டு இயந்திரம் வாங்கவோ இடம் பிடிக்கவோ நினைப்பவர்கள் அதற்கு முன் ஒருமுறை கூப்பிடவும் என்று இரண்டு வரி எழுதினாள். மேலாளர் அதை வியாபாரத்துக்கான விளம்பரம் என்று எண்ணி, நல்ல யோசனை என்று பாராட்டினார்.

கூப்பிட்டார்கள். பெரிய கம்பெனிக்காரர்கள் இல்லை. அவர்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. திருகாணி செய்பவர், கோபுரத்துக்குப் பெயின்ட் தருபவர், ஒரே ஒரு கிரேன் வைத்திருப்பவர், இப்படி வாரத்துக்கு நாலைந்து பேர். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், ஊகத்தை ஊகம் என்றும் பிரித்துச் சொன்னாள். சிலர் ஏமாற்றத்தோடு வைத்துவிட்டார்கள். வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் அவர்கள் கூப்பிட்டது. கேபிள் முனை செய்யும் ஒருவர், அவள் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுப் பொறுத்திருந்துவிட்டு, அதனால் ஒரு நல்ல வாய்ப்பைத் தவறவிட்டதாகப் பிற்பாடு திட்டினார். அதையும் கேட்டுக்கொண்டாள்.

போன மாதம் பட்டறையிலிருந்து போன். பெட்டிக்காரரின் மனைவி.

“சிக்ஸ்-ஜி சோதனைக்குன்னு ஒரு பெரிய கம்பெனி வந்திருக்கு மேடம். மாதிரிப் பெட்டி இருநூறு உடனே வேணுமாம். ரெண்டு வருஷத்துல அஞ்சாயிரம் தர முடியும்னு இப்பவே எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. எழுதிக் குடுத்தா புது மெஷின் போட்டாகணும். என்ன பண்ணட்டும்?”

அவள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். நாற்பது நிமிடம் பேசினாள். கருவி செய்பவர்களில் இரண்டு பேர் இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. அலைவரிசை முடிவாகவில்லை, அது மாறினால் கருவியின் சூடு மாறும், சூடு மாறினால் பெட்டியின் செதில் அளவு மாறும், பெட்டி வார்க்கும் அச்சு வீணாகும். இதே கம்பெனி இதே பேச்சை வேறு இரண்டு பட்டறைகளிலும் பேசியிருக்கிறது என்று கம்பிக்காரர் சொல்லியிருந்தார். இதெல்லாம் தெரிந்தது. இந்தத் தடவை நிஜமாகவே வேகமாக வந்துவிடுமா என்பது தெரியாதது.

“வந்துட்டா?”

“வந்துட்டா நீங்க பின்தங்கிடுவீங்க. அதையும் சொல்லணும்ல.”

அந்தப் பக்கம் யாரோ எதையோ சம்மட்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தம்மா அதை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். “இருநூறு மட்டும் ஒத்துக்கறேன். சின்ன மெஷின்லயே ஆகும். அஞ்சாயிரத்துக்கு நான் எழுதித் தர மாட்டேன்.” பிறகு, “அவரு பக்கத்துல நிக்கிறாரு, அஞ்சாயிரம்னு கை காட்டுறாரு. நான் பார்க்கல” என்று சொல்லிச் சிரித்தார். அந்தம்மா சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெரிய கம்பெனி கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. கடைசியில் இருநூறு பெட்டி ஆர்டரை இந்தப் பட்டறைக்கே கொடுத்துவிட்டு, ஐயாயிரத்துக்கான ஒப்பந்தத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு பட்டறையில் கையெழுத்துக்கு வைத்திருப்பதாக கிரேன்காரர் மூலம் தெரிய வந்தது. அந்தப் பட்டறைக்காரர் அவளைக் கூப்பிடவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அவர் பார்த்திருக்க மாட்டார். முகப்பையாவது பார்த்தாரோ என்னவோ.

இரண்டு நாள் பார்த்தாள். பிறகு நம்பரைத் தேடிப் பிடித்து, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பட்டறை திறந்து முதல் பரபரப்பு அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து அவளே போன் போட்டாள்.

“யாருங்க?” என்றது ஒரு அவசரக் குரல்.

“கோபுரக் கணக்கெல்லாம் எழுதுறவ நான். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாச்சா?”

“நாளைக்கு. ஏன்?”

“அப்ப ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க” என்று சொல்லி, நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டாள்.